எச்டி படம், குட்டி டேப்: கேனான் எச்வி20 கேம்கோடரில் என்னதான் இருந்தது? இன்னும் ஏன் அதைத் தூக்கிப் போடக்கூடாது?

அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜிப் பை. உள்ளே ஒரு பழைய கேம்கோடர், சிக்கு விழுந்த கேபிள்கள், ஸ்டிக்கர் ஒட்டிய பத்துப் பதினைந்து குட்டி கேசட்டுகள். சார்ஜர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு போகிக்கும் "இது எதுக்கு இன்னும்?" என்ற கேள்வி வரும். "அதான் டிவிடி போட்டு வெச்சிருக்கோமே" என்று யாராவது பதில் சொல்வார்கள்.

அந்த கேமரா கேனான் எச்வி20 போன்ற ஒரு எச்டி டேப் கேமரா என்றால், இந்தப் பதில் தப்பு. டிவிடி-யில் இருப்பது டேப்பில் இருக்கும் படத்தில் கால்வாசிக்குச் சற்று மேல்தான். மீதி இன்னும் அந்தக் குட்டி கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுக்க அதே கேமராவோ, அதன் அண்ணன் தம்பி மாடல் ஒன்றோதான் வேண்டும்.

2007 ஜனவரி கடைசியில் அறிவிக்கப்பட்ட இந்த மாடல், சாதாரண மக்கள் கையில் எச்டி வந்த காலத்தின் நல்ல உதாரணம். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 1,099 டாலர். அதில் என்னென்ன இருந்தது, ஏன் அப்படி வடிவமைத்தார்கள், அதில் எடுத்ததை இப்போது எப்படிக் காப்பாற்றுவது என்று பார்க்கலாம்.

புது எச்டி, பழைய கேசட்

2003-ல் ஜேவிசி நிறுவனம் ஜிஆர்-எச்டி1 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. வீட்டு உபயோகத்துக்கான முதல் எச்டி கேம்கோடர் அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து எச்டிவி என்ற பதிவு முறையை அறிவித்தன. பெயரைப் பார்த்து 'எச்டி டிவி' என்று குழம்ப வேண்டாம். இது டேப்பில் எச்டி படத்தைப் பதியும் ஒரு முறையின் பெயர்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. புதிதாக டேப் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1995-லிருந்து கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்த அதே மினிடிவி கேசட், அதே கால் அங்குல நாடா, அதே வேகம். ஒரு நொடிக்கு 25 மெகாபிட் தகவல்தான் அதில் ஏறும். பழைய டிவி முறையில் 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். எச்டிவி-யில் 1,440-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட படத்தை அதே இடத்துக்குள் திணித்தார்கள்.

எப்படி முடிந்தது? பழைய முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாகப் பதிவாகும். எச்டிவி-யில் 'எம்பெக்-2' என்ற சுருக்கும் முறை. நம் ஊர் பால் கேமராக்களில் 12 ஃபிரேம்களை ஒரு கட்டாகக் கட்டி, அதில் ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் முழுப் படமாக எழுதும். மற்ற 11-க்கும் "முன்னதிலிருந்து என்ன மாறியது" என்ற கணக்கை மட்டும் எழுதும். இடம் மிச்சம். ஆனா இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

2004-ல் சோனியின் எஃப்எக்ஸ்1 வந்தது. பெரிய கேமரா, மூன்று சென்சார். 2005-ல் அதே நிறுவனத்தின் எச்சி1, ஒற்றை சென்சாருடன் கையடக்கமாக வந்தது. 2006-ல் கேனான் எச்வி10. அடுத்த ஆண்டு எச்வி20.

கேமரா பார்த்தது ஒன்று, டேப் வாங்கியது ஒன்று

எச்வி20-யின் சென்சார் 1/2.7 அங்குல அளவுள்ள சீமாஸ் வகை. அதில் வீடியோவுக்கு 1,920-க்கு 1,080 புள்ளிகள், அதாவது இன்று நாம் 'ஃபுல் எச்டி' என்று சொல்லும் முழு அளவு. அந்த நாளில் பல கேமராக்கள் குறைந்த புள்ளிகளைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. இது உண்மையிலேயே முழு அளவில் பார்த்தது.

ஆனால் டேப்பில் 1,920-க்கு இடமில்லை. அகலத்தை 1,440-ஆகச் சுருக்கித்தான் பதியும். திரும்பப் போடும்போது மறுபடி அகலமாக்கிக் காட்டும். இப்போது கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் சிலருக்கு எல்லோரும் ஒல்லியாக, நெடுநெடுவென்று தெரிவதற்குக் காரணம் இதுதான். கோப்பு கெட்டுப்போகவில்லை, 16:9 என்று அமைப்பை மாற்றினால் முகங்கள் சரியாகிவிடும்.

இந்த இடைவெளியைச் சிலர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். எச்வி10-ல் இல்லாத எச்டிஎம்ஐ வெளியீடு எச்வி20-ல் வந்தது. டிவியில் போட்டுப் பார்க்கத்தான் வைத்தார்கள். ஆனால் கேமரா ரெக்கார்டிங் நிலையில் இருக்கும்போது அந்தக் குழாய் வழியாக வருவது டேப்புக்குப் போகும் சுருக்கிய படம் இல்லை, சென்சாரிலிருந்து நேராக வரும் படம். கணினியில் ஒரு கேப்சர் கார்டு போட்டு அதை அப்படியே பிடித்தவர்கள் இருந்தார்கள். வீட்டு கேமராவில் ஸ்டுடியோ தரத்துக்கு ஒரு பின்வாசல்! என்ன, கேமராவோடு ஒரு டெஸ்க்டாப் கணினியையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

லென்ஸ்: தூரத்தில் கில்லாடி, வீட்டுக்குள் திண்டாட்டம்

10 மடங்கு ஆப்டிக்கல் ஸூம். 6.1 மி.மீ-யிலிருந்து 61 மி.மீ வரை. விரிந்த நிலையில் எஃப்1.8, முழுக்க இழுத்தால் எஃப்3.0. முன்பக்கம் 43 மி.மீ ஃபில்டர் மாட்டும் திருகு.

இன்றைய செல்போனில் எழுதியிருக்கும் '10எக்ஸ்', '30எக்ஸ்' என்பதோடு இதை ஒப்பிடக் கூடாது. போனில் இரண்டு மூன்று தனித்தனி கேமராக்கள், நடுவில் எல்லாம் மென்பொருள் ஒட்டு. ஸூம் செய்துகொண்டே போனால் ஓரிடத்தில் படம் சட்டென்று குதிக்கும், நிறம் மாறும். கேம்கோடரில் ஒரே லென்ஸ், உள்ளே கண்ணாடிகள் நிஜமாக நகர்கின்றன. மேடைக்குக் கடைசி வரிசையிலிருந்து, மூன்றாம் வரிசையில் ஆடும் குழந்தையின் முகத்துக்கு ஒரே இழுப்பில் போகலாம். கைப்பிடியின் மேல் இருக்கும் ஸூம் பட்டனை மெதுவாக அழுத்தினால் மெதுவாக, அழுத்தமாக அழுத்தினால் வேகமாக.

கை நடுக்கத்துக்கு ஆப்டிக்கல் ஸ்டெபிலைசர். கேமரா ஆடும்போது உள்ளே ஒரு லென்ஸ் துண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடு செய்யும். படத்தின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்யும் மலிவு முறை இல்லை.

ஆனால் எல்லோருக்கும் எரிச்சல் தந்த ஒரு குறை உண்டு. இதன் அகலமான பார்வை, ஸ்டில் கேமரா கணக்கில் சொன்னால் சுமார் 43 மி.மீ லென்ஸுக்குச் சமம். இன்றைய போன்களின் முக்கிய கேமரா 24-26 மி.மீ. அப்போ என்ன ஆகும்? பத்துக்குப் பத்து அறையில் நலங்கு நடக்கிறது என்றால், கேமராக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் பாதிப் பேர் ஃபிரேமுக்கு வெளியே. இதற்காகவே முன்னால் திருகி மாட்டும் வைடு கன்வெர்ட்டர் லென்ஸைத் தனியாக விற்றார்கள். பழைய வீட்டு வீடியோக்களில் எப்போதும் ஒரு தோள், அரை முகம், மறுபடி ஒரு தோள் என்று கேமரா இடமும் வலமுமாகத் தடவிக்கொண்டே இருக்கும் இல்லையா? எடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

முன்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல் எதற்கு?

எச்டி வந்ததும் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. பழைய டிவி படத்தில் ஃபோகஸ் கொஞ்சம் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. எச்டி-யில் மூக்கு தெளிவாக, காது மங்கலாக இருந்தாலே தெரிந்துவிடும். 2.7 அங்குலத் திரையில் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் போட்டால்தான் தெரியும்.

அதற்குத்தான் கேனான் 'இன்ஸ்டன்ட் ஏஎஃப்' என்ற ஏற்பாட்டை வைத்தது. லென்ஸுக்கு வெளியே, முன்பக்கத்தில் ஒரு தனி சென்சார். அது தூரத்தை உடனே அளந்து சொல்லும், லென்ஸ் அந்த இடத்துக்கு நேராகத் தாவும். பிறகு படத்தைப் பார்த்து நுணுக்கமாகச் சரிசெய்யும். மற்ற கேமராக்கள் முன்னும் பின்னும் தடுமாறித் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். ஒரே நிபந்தனை, அந்தச் சின்ன ஜன்னலை விரலோ வைடு லென்ஸோ மறைக்கக் கூடாது. மறைத்தால் கேமரா குழம்பும். மெனுவில் 'நார்மல் ஏஎஃப்'-க்கு மாற்றிவிட வேண்டும்.

கையால் ஃபோகஸ் செய்ய விரும்பியவர்களுக்கு, உடம்பின் இடப்பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம். லென்ஸைச் சுற்றி வளையம் இல்லை. கட்டை விரலால் அதை உருட்டி நுணுக்கமாக ஃபோகஸ் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஆனால் அதற்குத் துணையாக, படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும், தெளிவான விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் 'பீக்கிங்'கும், வெளிச்சம் அதிகமான இடங்களில் கோடு போட்டு எச்சரிக்கும் 'ஸீப்ரா'வும் இருந்தன. அந்த விலையில் இவ்வளவு கொடுத்தது ஆச்சரியம்தான்.

குறும்பட ஆட்கள் ஏன் இதன்மேல் விழுந்தார்கள்?

வீட்டு வீடியோ என்றாலே 'வீடியோ மாதிரி' இருக்கும். சினிமா மாதிரி இருக்காது. காரணங்களில் முக்கியமானது, வீடியோ கேமரா படத்தைப் பாதி பாதியாகப் பதிவு செய்வது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. பால் முறையில் நொடிக்கு 50 பாதிகள். அசைவு வழுவழுவென்று இருக்கும், நேரடி ஒளிபரப்பு போல. சினிமா நொடிக்கு 24 முழுப் படங்கள்.

எச்வி20-யின் அமெரிக்க மாடலில் 24பி, பால் மாடலில் 25பி என்ற முழு ஃபிரேம் பதிவு இருந்தது. கூடவே 'சினி மோட்'. அது நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் அடக்கி, பின்னால் எடிட்டிங்கில் நிறம் மாற்ற வசதியாகக் கொடுக்கும். இரண்டும் ஆயிரம் டாலர் சுமாரில் கிடைத்ததும் உலகம் முழுக்கக் குறும்பட ஆட்கள் வாங்கினார்கள். ஸ்டில் கேமரா லென்ஸை முன்னால் பொருத்தி, பின்னணியை மங்கலாக்கும் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு அடாப்டர்'களை வீட்டிலேயே செய்து மாட்டியவர்களும் உண்டு. குட்டி கேமராவின் முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் குழாய், லென்ஸ், கம்பி என்று பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். அமெரிக்க மாடலில் 24 ஃபிரேமை நொடிக்கு 60 பாதிகள் என்ற கணக்குக்குள் திணிக்க, சில ஃபிரேம்களைத் திரும்பத் திரும்ப எழுதியது. எடிட்டிங்குக்கு முன் அந்த உபரியைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி. 2009-ல் வந்த எச்வி40 மாடலில்தான் அதைச் சரிசெய்தார்கள். பால் மாடலில் 25 முழு ஃபிரேம் என்பது 50 பாதிகளுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பிரிக்கும் வேலையே இல்லை.

ஆனால் முழு மேனுவல் கிடையாது. ஷட்டரை நீங்கள் வைத்தால் அப்பர்ச்சரை கேமரா வைக்கும், இதை நீங்கள் வைத்தால் அதை அது வைக்கும். இருட்டில் வெளிச்சத்தை மின்னணு முறையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. கல்யாண மண்டபத்தில் வீடியோ லைட்டை அணைத்ததும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மொய்க்குமே, அது இந்த ஏற்றத்தின் வேலை.

ஒலிக்கு 3.5 மி.மீ மைக் உள்ளீடு கொடுத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பித்தார்கள். கேமராவின் சொந்த மைக், உள்ளே டேப் ஓட்டும் மோட்டாரின் 'ர்ர்ர்' சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். காரணம் எளிது. மினிடிவி-யில் நாடாவை எழுதும் சின்ன உருளை நிமிடத்துக்கு 9,000 தடவை சுற்றும். மைக்குக்கும் அதற்கும் இடையே சில சென்டிமீட்டர்தான்.

டேப்புக்காகவே கட்டிய உடம்பு

கையில் எடுத்தால் சுமார் அரை கிலோ. வலப்பக்கம் முழுக்க டேப் ஓடும் இயந்திரம், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பருமன்தான் கையில் நன்றாக உட்கார்ந்தது, ஆடாமல் நின்றது. மெமரி கார்டு வந்ததும் உடம்பு மெலிந்தது, ஆட்டமும் கூடியது.

சோனியும் பேனசோனிக்கும் 2006 மே மாதம் ஏவிசிஎச்டி என்ற புது முறையை அறிவித்திருந்தன. டேப் வேண்டாம், டிஸ்க், ஹார்டு டிஸ்க், கார்டு போதும். 2008-ல் கேனானே எச்எஃப்10 என்ற கார்டு கேமராவை விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கேனானின் 5டி மார்க் 2 ஸ்டில் கேமரா ஃபுல் எச்டி வீடியோவுடன் அறிவிக்கப்பட்டதும், குறும்பட ஆட்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். வீட்டு ஆட்களை செல்போன் பிடித்துக்கொண்டது. 2010-ல் ஐபோன் 4-ல் 720 கோடு எச்டி, 2011-ல் 4எஸ்-ல் 1,080. எச்வி30, எச்வி40 என்று இரண்டு மாடல்களோடு இந்த வரிசை நின்றது.

கார்டு வசதிதான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அப்போது யோசிக்கவில்லை. கார்டு நிறைந்தால் கணினியில் ஏற்றிவிட்டு அழிப்போம். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. டேப் விலை குறைவு, நிறைந்தால் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதை எடுப்பார்கள். அதனால் கார்டு காலத்து வீடியோக்களைத் தொலைத்த வீட்டில்கூட, அதற்கு முந்தைய டேப் காலத்து அசல் அப்படியே பெட்டியில் கிடக்கலாம். தொந்தரவான டேப்தான் சேமித்தும் வைத்திருக்கிறது.

டிவிடி இருக்கிறதே, போதாதா?

போதாது. டிவிடி-யில் ஏறக்கூடிய பால் படம் 720-க்கு 576 புள்ளிகள்தான். எச்டிவி டேப்பில் 1,440-க்கு 1,080. பெருக்கிப் பார்த்தால் மூன்றே முக்கால் மடங்கு. 2007-ல் நம் வீடுகளில் பெரும்பாலும் குழாய் டிவி. எச்டி-யில் எடுத்ததைக் குறைத்து டிவிடி போட்டு, பழைய டிவியில் பார்த்தார்கள். அதாவது, தாங்களே எடுத்த எச்டி படத்தை எச்டி-யாக ஒருமுறைகூடப் பார்க்காத குடும்பங்கள் இருக்கும். தாத்தாவின் முகச் சுருக்கமும் பாட்டியின் மூக்குத்தியும் டேப்பில் தெளிவாக இருக்கின்றன, டிவிடி-யில் மங்கலாக.

டேப்பிலிருந்து எடுப்பது எப்படி?

முதலில் கேசட். அதன் முதுகில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும், ஒரு பக்கம் 'ரெக்', மறுபக்கம் 'சேவ்'. அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தப்பித் தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் பழையது அழியாது. இதைச் செய்யாமல் கேமராவுக்குள் எந்தக் கேசட்டையும் போடாதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். 8.4 வோல்ட் அடாப்டரை மாட்டினால் பேட்டரி இல்லாமலேயே கேமரா ஓடும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கேமராவை ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே இயக்கக் கூடாது. உள்ளே ஈரம் கோத்து நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது ரொம்ப முக்கியம். ஓரிரு மணி நேரம் சும்மா வைத்திருந்து, பிறகு முக்கியமில்லாத ஒரு டேப்பைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைப் போடாதீர்கள், ஹெட் முழுக்கப் பரவிவிடும். அதற்குத் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது கேபிள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கிறது. மாட்டினால் வீடியோ வராது. அது கார்டில் இருக்கும் புகைப்படங்களுக்கு மட்டும். டேப் வீடியோ வருவது 'ஃபயர்வயர்' என்ற வேறு துளை வழியாக, நான்கு ஊசி கொண்ட சின்ன முனை. இன்றைய லேப்டாப் எதிலும் அந்தத் துளை கிடையாது.

ஆக, வழி மூன்று. ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி கிடைத்தால் அதுதான் சிறந்தது. தூக்கிப் போடும் நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்பைக்கூட ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போடலாம். விண்டோஸில் எச்டிவிஸ்பிளிட், லினக்ஸில் டிவிகிராப் என்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்யும். ஆப்பிள் கணினியில் தண்டர்போல்ட் துளைக்கு அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டி இதைச் செய்துவந்தார்கள், ஆனால் 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. பழைய பதிப்பில் ஓடும் மேக் வைத்திருப்பவர்கள் டேப் வேலையை முடிக்கும்வரை அப்டேட் பட்டனை அழுத்தாமல் இருப்பது நல்லது.

கேபிளை மாட்டும்போது கேமரா, கணினி இரண்டும் அணைந்திருக்கட்டும். ஓடும் நிலையில் மாட்டினால் துளை எரிந்துபோகலாம். ஒரு துளை போனால் ஒரு கேமரா போன மாதிரி. பிறகு கேமராவின் மெனுவில், வெளியே அனுப்பும் படம் 'எச்டிவி'-யாக இருக்கிறதா என்று பாருங்கள். 'டிவி' என்று பூட்டியிருந்தால் கேமராவே எச்டி-யைப் பழைய தரத்துக்குக் குறைத்து அனுப்பும். இவ்வளவு பாடுபட்டும் டிவிடி தரம்தான் கையில் நிற்கும்.

ஃபயர்வயரில் எடுப்பது என்பது டேப்பில் எழுதியிருக்கும் எண்களை அப்படியே நகலெடுப்பது. தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகப்படுத்த முடியாது. கோப்பு 11-12 ஜிபி வரும். 20 டேப் என்றாலும் 250 ஜிபிக்குள் அடங்கிவிடும், இன்றைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு மூலை.

மூன்றாவது வழி எச்டிஎம்ஐ. கேமராவில் டேப்பை ஓட்டி, எச்டிஎம்ஐ கேப்சர் கருவி மூலம் பிடிப்பது. இதில் படம் மறுபடி ஒருமுறை சுருக்கப்படும், கொஞ்சம் தரம் போகும். திரையில் தெரியும் எழுத்துகளையும் மெனுவில் அணைக்க வேண்டும். ஃபயர்வயருக்கு வழியே இல்லை என்றால் இது பரவாயில்லை, சும்மா விடுவதைவிட மேல்.

எடுத்த கோப்பைப் போனில் போட்டால், அசைவு வரும் இடங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியலாம். அந்தப் பாதி பாதிப் பதிவின் விளைவுதான். 'டீஇன்டர்லேஸ்' செய்து ஒரு காப்பி எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மூலக் கோப்பை மாற்றாமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

வெளிநாட்டு டேப், வேறு கேமரா டேப்

அமெரிக்கா, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த டேப் என்றால் அது என்டிஎஸ்சி முறை. நம் பால் எச்வி20-ல் ஓடாது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் டேப்புகள் பால் முறைதான், பிரச்சினை இல்லை. எச்டிக்கு முந்தைய சாதாரண மினிடிவி டேப்புகளையும் எச்வி20 ஓட்டும். 1990-களின் கடைசியில் எடுத்த காதுகுத்து கேசட்டுக்கும் இதே கேமரா போதும். அந்தப் பழைய டேப்பில் 'எல்பி' என்று 90 நிமிடம் ஓட்டிப் பதிந்திருந்தால் மட்டும் வேறு கேமராவில் தகராறு வரலாம்.

ஏன் தகராறு? டேப்பில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்பி-யில் அதைவிடக் குறைவு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. எழுதிய கேமராவின் ஹெட்டும் படிக்கும் கேமராவின் ஹெட்டும் இம்மி விலகியிருந்தாலும் படம் உடையும். எந்தக் கேமராவில் எடுத்தார்களோ அதிலேயே ஓட்டிப் பார்ப்பது முதல் முயற்சியாக இருக்கட்டும்.

எச்டிவி-யின் அந்த 'விலை'யும் இங்கேதான் தெரியும். பழைய மினிடிவி-யில் நாடாவில் ஒரு இடத்தில் தூசி, கீறல் என்றால் ஒரு ஃபிரேமில் நாலு கட்டம் சிதறும், அவ்வளவுதான். எச்டிவி-யில் 12 ஃபிரேமும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. அதில் முதல் ஃபிரேம் அடிபட்டால் அரை நொடிக்குப் படம் உறைந்து நிற்கும். தாலி கட்டும் இடத்தில் அந்த அரை நொடி வந்தால்? அதே இடத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். ஹெட் சுத்தம் செய்யும் டேப்பைச் சில நொடிகள் மட்டும் ஓட்டிவிட்டு மறுபடி முயன்றால் பல நேரம் படம் முழுசாகக் கிடைத்துவிடும். சுத்தம் செய்யும் டேப்பை அளவுக்கு மீறி ஓட்டினால் ஹெட் தேயும்.

பெட்டியில் நிறைய டேப் இருந்தால் வரிசையாக ஆரம்பிக்க வேண்டாம். இப்போது இல்லாதவர்களின் குரலும் முகமும் எதில் இருக்கிறதோ அதை முதலில் எடுங்கள். கேமரா எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய இயந்திரத்தில் முதலில் நிற்பது பெரும்பாலும் டேப்பை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பகுதிதான். அதனால் ஒவ்வொரு டேப் முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் கேமராவை அணைக்க வேண்டும். உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் மோட்டார் எழும்பவில்லை என்றால், கேமராவைப் பிரித்துத்தான் கேசட்டை எடுக்க முடியும்.